யாரும் தொடாத அமைப்பை எப்போது மாற்றலாம்?

கட்டற்ற மென்பொருள் ஒன்றின் இயல்புநிலையை, அதாவது பயனர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானாக அமையும் நிலையை (டீஃபால்ட்), மாற்றலாமா என்ற விவாதத்தில் ஓங்கிக் கேட்பது பழைய பயனர்களின் குரல்தான். அந்த இயல்புநிலையால் முதல் நாளே தடுக்கி விழுந்து ஒதுங்கியவர்களின் குரல் அங்கே வந்து சேர்வதில்லை.

பைத்தான் என்னும் நிரல்மொழியின் 3.14 வரையான பதிப்புகளில் ஒரு கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை, எதுவென்று சொல்லாவிட்டால், அது இயங்குதளத்தின் வட்டார அமைப்பைப் (லோகேல்) பின்பற்றும். லினக்ஸில் அது பெரும்பாலும் தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8. நாகர்கோவில் பக்கத்து ஆய்வகங்களில் நான் கண்ட விண்டோஸ் கணினிகளிலோ மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான சிபி1252. குளச்சலில் விற்கும் மீன்களின் பெயர்களை ஒரு மாணவி யூடிஎஃப்-8 கோப்பில் தொகுத்து அங்கே திறந்தால், 'சாளை' எந்த எச்சரிக்கையுமின்றிப் பொருளற்ற குறிகளாக வரும். 'நெத்தோலி'யில் வரும் புள்ளியைச் சேமிக்கும் எண்களில் (பைட்டுகளில்) கடைசியானதற்கு அந்தக் குறியாக்கத்தில் இடமே இல்லாததால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அவள் எழுதிய நிரலில் தவறேதும் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோர் இச்சிக்கலைச் சந்திப்பதே இல்லை. இது இத்தனை காலம் நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

பழைய இயல்புநிலைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. நோட்பேடில் சேமித்த கோப்பைப் பைத்தான் படிக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே குறியாக்கத்தில் இருந்தாக வேண்டும். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேடே யூடிஎஃப்-8இல் சேமிக்கத் தொடங்கியதும் அந்த நியாயம் போய்விட்டது. ஓர் இயல்புநிலையைத் தாங்கிநின்ற சூழல் மறையும்போதே அதை மாற்றும் வேலை தொடங்க வேண்டும் என்பேன். ஜாவா என்னும் நிரல்மொழி 2022 மார்ச்சில் 18ஆம் பதிப்பிலேயே யூடிஎஃப்-8க்கு மாறிவிட்டது, பைத்தானில் 3.15ஆம் பதிப்பே அதற்கெனக் குறிக்கப்பட்டது.

பைத்தானின் தாமதத்தை முழுவதும் குறைகூற மாட்டேன். மார்த்தாண்டத்தில் ஏதோ ஒரு கடையின் பழைய கணக்கு நிரல் ஒரே இரவில் நின்றுபோவது நியாயமாகாது. பழைய நடத்தை வேண்டுவோர் 'லோகேல்' என்று குறிப்பிட்டு அதைப் பெற 3.10ஆம் பதிப்பே வழி செய்தது. எச்சரித்த முறையில்தான் எனக்கு உடன்பாடில்லை. 2021இல் வந்த அதே பதிப்பின் எச்சரிக்கை, நாமே கேட்டு இயக்கினால் மட்டும் தோன்றும். இரைச்சலைத் தவிர்க்கவே அப்படி வைத்தார்கள் என்றாலும், கேட்கத் தெரிந்தவருக்கு அந்த எச்சரிக்கை ஏறக்குறையத் தேவையே இல்லை. நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருள், 2014இல் 2.0 பதிப்பில், அம்மாற்றங்களை வேறொரு சேமிப்பகத்துக்கு அனுப்பும் புஷ் கட்டளையின் இயல்புநிலையை மாற்றும் முன், அதைத் தாமாக அமைத்துக்கொள்ளாதவர்களுக்குப் புஷ் செய்யும்போதே திரையில் எச்சரித்தது. எரிச்சலூட்டினாலும் அது உரியவரை எட்டியது.

ஆய்வகங்களில் பழைய பைத்தான் இன்னும் சில ஆண்டுகள் இருக்கத்தான் செய்யும். ஆகவே, நம் மாவட்டத்தில் நிரலாக்கம் கற்பிப்போர், கோப்பைத் திறக்கும் வரியிலேயே யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுத முதல் வகுப்பிலிருந்தே பழக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.