நள்ளிரவில் எதுக்குய்யா வெயில்?

பூதம், மந்திரம்னு வரும் சிறுவர் தொடரில் 'ஏற்காடு எபிசோடு'னு போட்டாலே வயிறு எரியுது. கதைப்படி நள்ளிரவு. ஆனா காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் நிழல் தரையில் கத்தி மாதிரி விழுது! பகலில் எடுத்து நீலம் பூசியிருக்காங்க. கேமராவில் நிறத்தைச் சரிபண்ற வொயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வெச்சா படம் நீலமாகும்; எக்ஸ்போஷரை, அதான் உள்ளே விடுற வெளிச்சத்தை, இரண்டு ஸ்டாப் (கால்வாசியா) குறைச்சா பகல் இரவாகும், சரி. ஆனா வானம் ஃபிரேமுக்குள் வரக்கூடாது, வெயில் நடிகருக்குப் பின்னாலிருந்து அடிக்கணும். இங்கே நேரா மூஞ்சியில் அடிக்குது. லேடீஸ் சீட்ங்கிற மலைமேல் காட்சிமுனையிலிருந்து கீழே சேலம் முழுக்கத் தெரியுது, ஒரு விளக்குகூட எரியலை. ஊருக்கே கரண்ட் கட்டா?

அடுத்தது பனிமூட்டம். 1,500 மீட்டர் உயரத்தில் அதுக்கா பஞ்சம்? விடியக்காலையில் காத்திருந்தா சும்மாவே கிடைக்கும். நிஜப் பனி தூரத்து மரத்தைத்தான் முதலில் மறைக்கும். மெஷின் புகையோ ஒரு மூலையில் கிளம்பி காத்தடிச்ச பக்கம் ஓடிடும். இதில் ஓடியே போச்சு.

அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போக மிஞ்சுறது சுமார் 22 நிமிஷம். அதில் முன்கதை, டைட்டில் பாட்டு, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் வேற. பறக்கத் தெரிஞ்ச பூதம் ஏன் ஜீப்பில் வருது?