ஊசி போட்டு மறக்கவைத்த எலிக்கு அல்சைமர் கிடையாது

"அல்சைமருக்கு மூலிகை மருந்து, எலிகளில் நிரூபணம்!" என்று மாதம் ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது. அடுத்த முறை படிக்கும்போது ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள்: அந்த எலிக்கு மறதி எப்படி வந்தது? பல ஆய்வுகளில் பதில் ஸ்கோபொலமைன் என்றிருக்கும்.

ஊமத்தை இனச் செடிகளில் இருக்கும் நஞ்சு அது. நினைவுக்கும் கவனத்துக்கும் மூளை நம்பியிருக்கும் அசிட்டைல்கோலின் என்னும் செய்தி கடத்தும் வேதிப்பொருளை, நரம்பணுக்களில் அதை வாங்கிக்கொள்ளும் மஸ்கரினிக் ஏற்பிகளில் ஒட்டவிடாமல் தடுக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் போல வயிற்றில் ஊசியாகப் போட்டு, அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர்த் தொட்டியில் விடுகிறார்கள். நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையின் இடம் எலிக்குப் பிடிபடுவதில்லை, சும்மா சுற்றிச் சுற்றி நீந்துகிறது. சில மணி நேரத்தில் மருந்து இறங்கிவிடும், எலி பழையபடி ஆகிவிடும். அல்சைமர் மூளையில் காண்பதுபோல, அந்த ஒரு ஊசியில் அமைலாய்டு என்னும் புரதக் கசடு படிவதில்லை, டௌ புரதம் முறுக்கிக்கொள்வதில்லை, நரம்பணுக்கள் கொத்துக் கொத்தாகச் சாவதில்லை. அப்புறம் எங்கிருந்து வந்தது அல்சைமர்?

இந்த முறைக்கு நியாயமான ஒரு பிறப்புக் கதை உண்டு. 1974இல் டிராக்மன், லெவிட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஸ்கோபொலமைன் கொடுத்தார்கள். நினைவுச் சோதனையில் அவர்கள் முதியவர்களைப் போலத் தடுமாறினார்கள். பிறகு, அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் நொதி குறைந்திருப்பதும் தெரியவந்தது. அந்த வழியில் வந்தவைதான் அசிட்டைல்கோலினைக் கூட்டும் அல்சைமர் மருந்துகளான டாக்ரினும் (1993) டொனெபெசிலும் (1996). அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கும், நோயை நிறுத்தாது.

என் எரிச்சல் இங்கேதான். அசிட்டைல்கோலினை மறித்து மறதியை உண்டாக்கினால், அசிட்டைல்கோலினைக் கூட்டும் எந்தச் சாறும் அந்த மறதியைக் குறைக்கத்தான் செய்யும். பூட்டியவனே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிற கதை. டொனெபெசிலின் பங்காளிகளைக் கண்டுபிடிக்க இது நல்ல வடிகட்டி. புதிய வழியில் வேலை செய்யும் மருந்தோ இதில் தவறிப்போகலாம்.

இன்னொரு வேடிக்கை. எம்கே-801 என்னும் மருந்து, மூளையில் உள்ள என்எம்டிஏ என்னும் வேறொரு வகை ஏற்பியை அடைத்து எலியை மறக்கவைக்கும். அதே ஏற்பியை மென்மையாக அடைக்கும் மெமண்டைனை அல்சைமர் நோயாளிகளுக்கு மருந்தாகவே கொடுக்கிறார்கள்!

சோதனையிலும் ஓட்டைகள் உண்டு. ஸ்கோபொலமைன் கண்மணியை விரிக்கும், எலியைப் பரபரவென்று ஓடவைக்கும். தொட்டியைச் சுற்றியுள்ள அடையாளங்களைப் பார்த்துத்தான் எலி வழி கண்டுபிடிக்க வேண்டும். அது மறந்ததா, கண் மங்கியதா? மேடையை வெளியே தெரியும்படி வைத்தும் நீந்தவிட்டார்களா? மூளைக்குள் எளிதில் போகாத மெத்தில்ஸ்கோபொலமைனைக் கொடுத்து ஒப்பிட்டார்களா? பயிற்சிக்கு முன்பு ஊசி போட்டால் கற்றலே கெடும், பயிற்சி முடிந்த கையோடு போட்டால் கற்றது பதிவதில் சிக்கல் வரும், சோதனைக்குச் சற்று முன்பு போட்டால் நினைவுகூர்தல் தடுமாறும். மூன்றையும் "ஞாபக மறதி" என்று ஒரே மூட்டையில் கட்டுகிற கட்டுரையை நான் பாதியில் மூடிவிடுவேன்.

எலிச் சோதனையே கூடாது என்பது என் கட்சியல்ல. விடை முன்கூட்டியே தெரிந்த கேள்விக்கு, இன்னொரு இலைச்சாற்றின் பெயரில், இன்னும் ஒரு கூண்டு எலிகளைக் கொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சொல்லப்போனால், இந்த எலி கச்சிதமாகப் பொருந்தும் மனித நிலைமை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் செய்தி போடுவதில்லை. ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் எடுக்கும் டைஃபென்ஹைட்ரமின், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் இவையெல்லாம் அதே மஸ்கரினிக் ஏற்பிகளைத்தான் மறிக்கின்றன. வயதானவர்களுக்கு இவற்றால் குழப்பமும் மறதியும் வரலாம். அதை முதுமை மறதி என்று முடிவுகட்டி, மேலே இன்னொரு மாத்திரை சேர்ப்பதும் நடக்கிறது. வீட்டுப் பெரியவர் திடீரென்று தடுமாறினால், அவர் சாப்பிடும் அத்தனை மாத்திரைகளையும், கடையில் தானாக வாங்கியதையும் சேர்த்து, மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.