கைராசி என்பது ஊர் வைத்திருக்கும் கணக்கு

போன மாதம் அப்பாவுக்கு ராத்திரியில் நெஞ்செரிச்சல். பயந்துபோய்ப் பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பெயர் வேண்டாம். ரத்தம், ஈசிஜி, எக்கோ, ஸ்கேன் என்று அரைநாள் போனது. டாக்டரைப் பார்த்தது நான்கு நிமிடம். "எல்லாம் நார்மல்" என்றார். அப்பா ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது: "நம்ம டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

நம்ம டாக்டருக்கு எழுபது தாண்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறை கிளினிக். ஃபைலை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "நெஞ்சுன்னு வந்தா ஈசிஜி எடுக்கத்தான் வேணும், நல்ல வேலை செஞ்சீங்க" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க?" பத்தரை மணி, சாப்பிட்ட கையோடு படுக்கை. அப்பா அசடு வழிந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஆளில்லை.

என் பாட்டி 'கைராசி டாக்டர்' என்பார். சின்ன வயதில் மூடநம்பிக்கை என்று சிரிப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. யாரைப் பிழைக்க வைத்தார், யாருக்குத் தேவையில்லாமல் ஊசி போட்டார், எந்தக் கேஸைப் பார்த்ததுமே "என்னால ஆகாது, உடனே ஜி.ஹெச். போங்க" என்று அனுப்பினார் என்று முப்பது வருஷமாகத் திண்ணையிலும் டீக்கடையிலும் ஊர் எழுதிவரும் கணக்குதான் கைராசி. போர்டு மாறும் இடத்தில், டாக்டர் மாசத்துக்கு ஒருவர் மாறும் இடத்தில், அந்தக் கணக்கை யார் பெயரில் எழுதுவது?

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி வந்தபோது வாட்ஸப்பில் என்னென்னவோ சுற்றியது. பள்ளிக்கூடத்தில் ஊசி போடும் நாளில் பிள்ளைகளை லீவு போட வைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அரசு விளம்பரம் அவர்களை அசைக்கவில்லை. நம்ம டாக்டர் வாசலில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டார்: "என் பேத்திக்குப் போட்டாச்சு. சந்தேகம் இருந்தால் உள்ளே வந்து கேட்கலாம், ஃபீஸ் கிடையாது." உள்ளே போனவர்களில் என் அக்காவும் ஒருத்தி. இன்றைக்கும் அந்தச் சிலேட்டில் டெங்கு, தண்ணீர்த் தொட்டி, நாய்க்கடி ஊசி எங்கே கிடைக்கும் என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும்.

இதையே பெரிய அளவில் செய்து காட்டிய இடம் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் இருக்கும் சிட்லிங்கி. 1993-இல் டாக்டர்கள் ரெஜியும் லலிதாவும் ஒரு குடிசையில் தொடங்கினார்கள். அங்கத்திய பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். ஆயிரம் குழந்தைகளுக்கு 147 ஆக இருந்த சிசு மரணம் 20-ஐ ஒட்டி இறங்கியது. பிரசவம் பற்றி வெளியூர் நர்ஸ் சொன்னால் தலையாட்டுவார்கள். பக்கத்து வீட்டு மருமகள் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்பார்கள், அப்புறம் செய்வார்கள்.

அதற்காகச் சின்ன கிளினிக் எல்லாம் கோயில் என்று சொல்லவில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக், சோர்வு என்றால் குளுக்கோஸ் பாட்டில் என்று ஓட்டுகிற கிளினிக்குகளும் ஏராளம். நாமும் ஊசி போடாவிட்டால் 'சரியான டாக்டர் இல்லை' என்போமே! ஐந்து ரூபாய் டாக்டர்களைக் கொண்டாடுவதிலும் எனக்கு ஒரு சங்கடம். வியாசர்பாடி திருவேங்கடம் மாதிரி மனிதர்கள் அபூர்வம். எல்லா டாக்டரும் அப்படி இருக்க வேண்டும் என்றால் வாடகையை யார் கட்டுவது? எங்கள் டாக்டர் 150 வாங்குகிறார். வாங்கட்டும். அதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார், அது போதும்.

சுவரில் எழுதுவது அவருடைய பெருந்தன்மை இல்லை, விதி. மருத்துவர்களுக்கான 2002-ஆம் வருஷத்து நெறிமுறையில் கட்டணத்தைப் போர்டில் எழுதச் சொல்லியிருக்கிறது. நோயாளி தன் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆள் அனுப்பியதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது. இந்த மூன்றையும் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நானே போன மாதம்தான் முதல் தடவையாக ஃபைல் நகல் கேட்டேன். ரிசப்ஷன் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஆனால் கொடுத்துவிட்டார்.

அப்பா இப்போது எட்டரைக்கே சாப்பிட்டுவிட்டுத் தெருவில் நடக்கிறார். கேட்டால் "டாக்டர் சொல்லிட்டார்" என்கிறார். இதையே அம்மா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.