வாடகைக்கு இருப்பவர்களுக்குக் காசாகவே கொடுங்கள்

மட்டக்களப்பில் வீட்டுத் திட்டம் என்றால் அடிக்கல் நாட்டுவதும் நாடா வெட்டுவதும்தான். சொந்தக் காணி இல்லாமல் வாடகைக்கு இருக்கும் சனங்களைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. இவர்களுக்கு அரசாங்கம் வாடகை உதவியைக் காசாகவே கையில் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்குவார். தங்கச்சிக்கு வீடு கட்டவென்றே அண்ணன்மார் கட்டாருக்குப் போவார்கள். அதனால் ஒரு பெண் பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தால், 'கொடுக்க ஆளில்லாதவள்' என்று ஊர் பேசும். அது அவரின் குடும்பப் பிரச்சினையாகவே நின்றுவிடும், அரசாங்கத்தின் பிரச்சினையாகாது.

கல்லடிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். ஓர் அறையும் குசினியும்தான் வீடு. வாடகை 12,000 ரூபாய், கரண்ட் பில் வேறு. வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும உதவியில் அவருக்கு மாதம் வருவது 10,000. அது வங்கியில் விழுந்த அன்றைக்கே வீட்டுக்காரரிடம் போய்விடும். மார்கழி மழைக்குக் கூரை ஒழுகி, பிள்ளைகளின் கொப்பிகளை அரிசி வாளிக்குள் வைத்து மூடுகிறார். "ஏதும் கதைச்சா எழும்பச் சொல்லிருவாங்க தம்பி. வேற வீடு எடுக்க ஆறு மாச அட்வான்சுக்கு நான் எங்க போற?" என்றார்.

இவருக்கு ஏதோ ஒரு காட்டோரத்தில் கல்வீடு கட்டித் தருவதாகச் சொல்வது உதவியே இல்லை. நுரைச்சோலையைப் பாருங்கள். அம்பாறை மாவட்டத்தில் சுனாமியால் வீடிழந்தவர்களுக்காகச் சவூதிப் பணத்தில் கட்டிய 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற இழுபறி நீதிமன்றம் வரை போய், வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்து பற்றை பிடித்தன. மறுபக்கம், போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் 550,000 ரூபாயைக் கட்டம் கட்டமாகச் சனங்களின் கணக்கிலேயே போட்டார்கள். மேசனைப் பிடித்ததும் சீமெந்து வாங்கியதும் அவர்களேதான். கையில் காசு கொடுத்தால் அழித்துவிடுவார்கள் என்ற கதை அங்கேயே பொய்த்துப் போனது. ஆனால் வீடு கட்டக் காணி இருந்தவர்களுக்குத்தான் அந்தத் திட்டம்.

சரி, அரசாங்கமே வாடகையை நேரே வீட்டுக்காரருக்குக் கட்டினால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் வவுச்சர் என்ற வாடகை உதவிச் சீட்டு முறை அப்படித்தான் நடக்கிறது. வவுச்சர் என்று கேட்டதுமே வீடில்லை என்று கையை விரிக்கும் உரிமையாளர்கள் அங்கே நிறைய. அங்குள்ள பிலடெல்பியா நகரம் 2022இல் ஒரு தொகுதிக் குடும்பங்களுக்கு வாடகை உதவியை நேரே காசாகக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியது. காசு தன் கையில் இருந்தால்தான் அந்த அக்கா ஒழுகாத வீடாகப் பார்த்து மாறலாம், அல்லது கூரையைத் திருத்தித் தரச் சொல்லி வாய் திறக்கலாம்.

வாடகை கூடிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 1970களில் அமெரிக்காவின் கிறீன் பே, சவுத் பெண்ட் நகரங்களில் வருமானம் குறைந்தவர்களுக்கு இப்படிக் காசு கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பயம் பலிக்கவில்லை. ஆனாலும் நம்முடையது வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய ஊர், வாடகை வீடுகளும் குறைவு. கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அதனால் ஒரு வருடத்துக்கு வாடகையைக் கூட்டக்கூடாது என்று எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். முதல் அட்வான்சுக்கு ஒரு தொகையைத் தனியாகவும் கொடுக்க வேண்டும். குடித்தே முடித்துவிடுவார்கள் என்பவர்களுக்கு ஒரே பதில்தான்: பெண்ணின் கணக்கில் போடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், வாடகைக்கு இருப்பவர்கள் அரசாங்கப் பதிவில் வர வேண்டும். காணிக்கு உரிமை கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் வதிவிடக் கடிதத்துக்குக் கையெழுத்து வைக்காத வீட்டுக்காரர்களை நான் கண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டார் இருவரின் சாட்சியை வைத்துக் கிராம சேவகர் பதிந்தால் போதாதா? அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதையாவது கேளுங்கள்: நமது பிரிவில் எத்தனை குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன?