அப்பத்தாவை எழுப்பிவிட்ட மேசை

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி கல்யாண வரவேற்பில் நடந்ததை நம்ம நகரத்தார் ஆட்கள் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். எந்த வீடு என்று சொல்லப் போவதில்லை. ஆனால் மணமக்கள் சாப்பிடும் மேசையில் உட்கார்ந்த அப்பத்தாவை, பெண்ணின் அப்பாவைப் பெற்றவரை, எழுப்பியிருக்கக் கூடாது. இதை நான் சொன்னதற்கு ஆளுக்கொன்றாகப் பதில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குத்தான் இது.

வெள்ளைத் துணி விரித்து, தட்டுக்குத் தட்டு பெயர் அட்டை வைத்திருந்தார்கள். பேத்திக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அப்பத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். கோட்டுப் போட்ட பையன் வந்து குனிந்து அட்டையைக் காட்டினான். மாப்பிள்ளை கம்பெனிப் பெரியவர் பெயர். கண்ணாடி இல்லாமல் அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. என்ன புரிந்ததோ, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பெற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். அந்தப் பையனைத் திட்டாதீர்கள். பட்டியல் கொடுத்தது வீட்டுக்காரர்கள்.

காலையில் இரண்டு வீட்டுக் கோயில் மாலையும் வந்து, இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதி, வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், ஒரு சடங்கு விடாமல் செய்தோம். அங்கே எல்லாவற்றுக்கும் அப்பத்தா வேண்டும். சாயங்காலம் மண்டபத்தில் வேண்டாமா?

“ஆச்சி, காலம் மாறிப்போச்சு, கம்பெனி ஆட்களையும் மதிக்கணும்ல?” என்கிறார்கள். மதியுங்கள். இன்னொரு நாற்காலி இழுத்துப் போட எவ்வளவு நேரமாகும்?

“அந்தக் காலத்தில் பொம்பளைகளுக்குக் கடைசிப் பந்திதானே? தாலி இழந்தவர்களைக் கிட்டேயே விடமாட்டீர்களே?” என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. உண்மைதான். படித்ததும் நெஞ்சில் தைத்தது. அப்பச்சி, என்னைப் பெற்ற தகப்பனார், போன பிறகு என் ஆத்தா எந்தக் கல்யாணத்திலும் முன்னால் வந்து நின்றதில்லை. என் தம்பிக்குத் திருப்பூட்டும்போது (தாலி கட்டும் நேரம்), பெற்ற பிள்ளைக்கு, வளவுத் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். வா என்று கூப்பிட ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதெல்லாம் ஒழிந்தது, இனி எல்லாரும் ஒன்றாக உட்காரலாம் என்றுதானே மேசை நாற்காலி போட்டோம்? அதே வேலையை இப்போது அட்டை வைத்துச் செய்தால் எனக்கு ஆத்திரம் வராதா?

“செலவு அவங்களது, மேசை அவங்களது, உனக்கென்ன?” என்று எழுதிய அண்ணனுக்கு: சாப்பிடாமல் காரில் ஏறப்போன அப்பத்தாவைக் கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிப்போனது நான். ரசம் மட்டும் ஊற்றச் சொன்னார்கள். வளர்த்த பேத்தி கல்யாணத்தில், அண்ணே, ரசஞ்சோறு. எனக்கென்ன என்று எப்படிப் போவேன்?

தையில் எங்கள் வீட்டு வரவேற்பு. மேசைப் பட்டியலை நான்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வீட்டு அப்பத்தாமார், ஆயாமார் (அம்மாவைப் பெற்றவர்கள்) பெயர் முதலில். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் நாற்காலியில் எந்தக் கம்பெனிப் பெரியவர் வேண்டுமானாலும் உட்காரட்டும்.