பொன்னாடைக்குள் மத்தளம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் வீட்டுக்குப் போயிருந்தேன். பாரிஸின் புறநகரான லா கூர்னேவில் ஏழாம் மாடி. மத்தளத்தை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார், சத்தம் வரவில்லை. இரண்டு பக்கமும் துணி சுற்றியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் பொன்னாடை. சரிகைக் கரை வைத்த சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று. கீழ்வீட்டுக்காரர் மூன்று முறை கட்டட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டாராம். "வேறு துணி கிடைக்கவில்லையா அண்ணாவியார்?" என்றேன்.

"இதுதான் தம்பி வீட்டில் கனக்கக் கிடக்கிறது. சத்தத்தையும் நன்றாக அடக்கும்."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவரும் அல்லர். ஆனால் அந்தப் பச்சைப் பொன்னாடையை எனக்கு அடையாளம் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன்னர் என் சிறுகதைத் தொகுப்பின் வெளியீட்டுக்காக நானே கடையேறி, ஒன்று 9 யூரோ என்று பேரம் பேசி வாங்கி, நானே அவருடைய தோளில் போர்த்தியது. கைதட்டல் கூட நன்றாக இருந்தது.

அந்த வெளியீட்டின் கணக்கு இன்னும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. மண்டபம் 450 யூரோ. ஒலிபெருக்கி 200. வீடியோ 250. மேடைக்குப் பின்னால் தொங்கவிட்ட பதாகை 80. ரோல்ஸ், வடை, தேநீர் 220. இந்தக் காசை வாங்கியவர்கள் எல்லாரும் நண்பர்கள், அல்லது நண்பர்களின் நண்பர்கள். ஒருவரிடமாவது "மொழிக்காகச் சும்மா செய்து தாருங்கள்" என்று கேட்டேனா? கேட்க வாய் வந்திருக்காது. விடிய நான்கு மணிக்கு எழுந்து ரோல்ஸ் பொரித்த பெண்மணியின் தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, வணக்கம் வைத்து அனுப்பியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். அன்று வந்திருந்த 120 பேரில் பாதிக்கு மேல் என் கதைகளுக்காக வரவில்லை. அண்ணாவியாரின் கூத்துக்காக வந்தார்கள். அவரும் கூட நான்கு பேரும் 40 நிமிடம் ஆடினார்கள். அதற்காக ஆறு ஞாயிறு பழகினார்கள். அவர்களுக்கு நேரே என் குறிப்பேட்டில் இருக்கும் வரி இதுதான்: பொன்னாடை 5, 45 யூரோ.

பாரிஸில் என் வாழ்க்கை இந்த மனிதர்களுக்கு நடுவில்தான் போகிறது. இரவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருப்பேன். காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பல் வரும்போது மிருதங்கக்காரர் தன் வான் வண்டியிலிருந்து மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருப்பார். ஃபோபூர் சென் துனி வீதியில் நாங்கள் கதைத்த இலக்கியத்தில் பாதி அந்த வானின் பின்கதவில் சாய்ந்தபடி கதைத்ததுதான். ஓவியர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறார். பரத ஆசிரியை வாரநாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். சனியும் ஞாயிறும் வகுப்பு. அண்ணாவியார் ஓர் உணவகத்தின் நிலவறையில் பாத்திரம் கழுவுகிறார். வயது 63. மட்டக்களப்பில் வடமோடிக் கூத்து ஆடிப் பழகியவர். ஐந்து மணி நேரக் கூத்தின் பாட்டுகளான தருக்களை ஏடு பார்க்காமல் பாடுவார். நிலவறையில் கைபேசிக்கு அலை கிடைக்காது. இடைவேளையில் படிக்கட்டில் ஏறி நின்று, மறுநாள் பழகவேண்டிய பாட்டைக் குரல்பதிவாக எங்களுக்கு அனுப்புவார். பின்னால் கிளாஸ்கள் உரசும் சத்தமும் கேட்கும்.

நான் எழுதும் உரையாடலில் செயற்கையாக ஒரு சொல் விழுந்தால் முதலில் பிடிப்பவரும் அவர்தான். "இதை ஒரே மூச்சில் சொல்லிக்காட்டுங்கள் பார்ப்போம்" என்பார். சொல்லிக்காட்டுவேன். நாக்கு இடறும் இடத்தில் வரியை வெட்டுவேன். வேலையிடத்தில் ஒரு தமிழ்ச்சொல் கூடக் காதில் விழாமல் இத்தனை வருடம் கழித்தும் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால், இந்தக் காதுகள் பக்கத்தில் இருப்பதால்தான். அதற்கும் என் குறிப்பேட்டில் வரி கிடையாது.

என் கண்ணைத் திறந்தவர் அண்ணாவியார் அல்லர். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. பிரெஞ்சுக்காரி, பொம்மலாட்டம் செய்பவர். பத்து வருடப் பழக்கம். என் பிள்ளைகள் அவருடைய பொம்மைகளோடு வளர்ந்தவர்கள். எங்கள் சங்கத்தின் சிறுவர் விழாவுக்கு ஓர் இருபது நிமிடம் வந்து ஆடிக்காட்ட முடியுமா என்று ஒருநாள் உரிமையோடு கேட்டேன். "சந்தோஷமாக. எத்தனை கஷே?" என்றார். கஷே என்றால் ஒரு நிகழ்ச்சிக்கான ஊதியம். எனக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை வருடம் சோறும் கறியும் பரிமாறிக்கொண்ட வீட்டில் காசுப் பேச்சா என்று உள்ளுக்குள் கொதித்தேன். அவர் பதறவில்லை. என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். மாதவாரியாகக் கட்டங்கள், கட்டங்களுக்குள் பென்சிலால் 12, 12, 24, 12. அடியில் கூட்டுத்தொகை. "இந்த எண் 507க்கு வராவிட்டால் அடுத்த வருடம் என் வீட்டு வாடகையை யார் கட்டுவது?" என்றார்.

பிரான்சில் மேடைக் கலைஞர்களுக்கும் திரைத்துறையினருக்கும் வேலையில்லாக் காலத்துக்கென்று தனிக் காப்பு இருக்கிறது. 'அன்தெர்மித்தோன்' என்பார்கள், விட்டுவிட்டு வேலை செய்பவர்கள். 12 மாதத்தில் 507 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்ததாகக் காட்டினால், மேடை இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை வரும். கஷே வாங்கும் கலைஞருக்கு ஒரு கஷே 12 மணி நேரமாகக் கணக்காகும். ஆடியது 40 நிமிடமே என்றாலும் 12 மணி நேரம்தான். ஆறு ஞாயிறு பழகியதை நினைத்தால் அது சலுகை அல்ல என்பது விளங்கும். ஆக, 43 கஷே. 2003இல் இந்த விதிகளை இறுக்கப் பார்த்தபோது கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவிஞ்ஞோன் நாடக விழாவே அந்த வருடம் நடக்கவில்லை. நாங்களோ மேடைக்குக் கூலி கேட்பவரைப் பார்த்து "இவருக்குக் காசுதான் பெரிது" என்று புறம் பேசுகிறோம்.

அண்ணாவியாரோடு உட்கார்ந்து, கடந்த வருடம் அவர் ஏறிய மேடைகளைக் கலண்டரைப் பார்த்து எண்ணினேன். ஊர்ச்சங்க விழா, பழைய மாணவர் ஒன்றுகூடல், கோயில், ஒரு திருமணம், இரண்டு நூல் வெளியீடு என்று 31 வந்தது. கஷே கணக்கில் 372 மணி நேரம். பதிவில் இருப்பது பூச்சியம்.

இந்த மேடைகளுக்கு ஊதியம் கொடுத்துப் பதிவதற்கு வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1969இல் வந்த சட்டத்தின்படி, ஊதியம் கொடுத்து மேடையேற்றும் கலைஞரை இங்கே சம்பளத் தொழிலாளியாகத்தான் கருதவேண்டும். கலைநிகழ்ச்சி நடத்துவதே தொழிலாக இல்லாத சங்கங்களுக்கும் தனியாட்களுக்கும் 'கூசோ' என்ற பதிவுமுறை இருக்கிறது. இணையத்தில் ஒரு படிவம். ஒப்பந்தம், சம்பளப் பதிவு, காப்புப் பணம் எல்லாம் அந்த ஒன்றிலேயே முடியும். நிகழ்ச்சி முடிந்து 15 நாளுக்குள் பணத்தோடு அனுப்பவேண்டும். வருடத்துக்கு ஆறு நிகழ்ச்சி வரை அனுமதிப்பத்திரமும் தேவையில்லை. எங்கள் சங்கங்களில் ஆறுக்கு மேல் நடத்துபவை எத்தனை? மண்டபத்துக்காக நகரசபைக்கு எழுதும் கடிதமும், சங்கத்தைப் பதிவு செய்யும் படிவமும் இதைவிடச் சிக்கலானவை. அவற்றை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறோம்.

செலவு இருக்கிறது, மறைக்கவில்லை. கலைஞரின் கையில் 100 யூரோ சேரவேண்டுமானால், காப்புப் பணத்தோடு சேர்த்து எங்கள் செலவு அதன் இரட்டிப்பை நெருங்கும். குழுக்கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர், "கூத்து எங்களுடைய சொத்து. சொந்தச் சொத்துக்கு யாராவது கூலி கொடுப்பார்களா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அண்ணாவியாரிடம் கொண்டுபோனேன். அவர் ஊரில் நடந்ததைச் சொன்னார். கூத்தருக்கு அவரவர் பாட்டைப் பிரித்துக் கொடுக்கும் 'சட்டம் கொடுத்த' நாளிலிருந்து, காலில் சதங்கை கட்டும் 'சதங்கை அணி' வரை அண்ணாவியாருக்குச் சாப்பாடு ஊராருடையது. அரங்கேற்றம் முடிந்தபின் கூத்தர் வீடுவீடாகப் போய் ஆடுவார்கள். வீட்டுக்காரர் பணம் கொடுப்பார், இல்லாதவர் நெல் கொடுப்பார். "என் தகப்பனாருக்கு ஒரு கூத்துக்கு வேட்டி, சால்வை, பணமுடிப்பு மூன்றும் கிடைத்தது. நாங்கள் பாரிசுக்கு வரும்போது சால்வை மட்டும்தான் கப்பல் ஏறியிருக்கிறது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சிலருக்குக் கசக்கும். காசில்லாமல் கொட்டு, காசில்லாமல் பாடு என்று சொல்லும் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது? பறை அடிப்பதைச் சிலருடைய பிறப்புக் கடமையாக்கி வைத்திருந்த ஊர்களிலிருந்துதான் வந்தோம். இனி அடிக்கமாட்டோம் என்று அவர்கள் மறுத்து நின்ற போராட்டங்களும் எங்கள் வரலாற்றில் இருக்கின்றன. இப்போது அந்தப் பழைய ஊழியத்துக்குப் 'பண்பாட்டுப் பணி' என்று பெயர் மாற்றியிருக்கிறோம். பணி என்றால் பணிவும் கூடவே வரும் என்று எதிர்பார்க்கிறோம். கலைஞர் தொகையைக் கேட்டால் முகம் மாறுவது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். ஒலிபெருக்கிக்காரர் கேட்டால் மாறுவதில்லையே.

எழுத்துக்காரர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு தனி மயக்கம். நாங்கள் சிறுபத்திரிகை வழி வந்தவர்கள். 1988இல் ஜெர்மனியில், புலம்பெயர்ந்த தமிழ் எழுத்தாளர்கள் கூடும் இலக்கியச் சந்திப்பு தொடங்கிய காலத்தில், ரெயிலுக்கும் பஸ்ஸுக்கும் சொந்தக் காசைப் போட்டுப் போய், யாரோ ஒருவர் வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டுதான் விடிய விடியக் கதைத்தோம். பாரிஸிலிருந்து ஓசை, எக்ஸில், அம்மா என்று வந்த இதழ்களில் எழுதியவர்கள் சன்மானத்தைக் கனவில் கூடக் காணவில்லை. அச்சுச் செலவுக்குக் கழுவிய கோப்பைகள்தான் காசு கொடுத்தன. அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. எனக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் என் பையிலிருந்து நான் எடுத்துப் போடுவதும், மற்றவருடைய பையில் கையை விட்டு எடுத்துவிட்டு அதற்கும் தியாகம் என்று பெயர் வைப்பதும் ஒன்றல்ல. இந்த நாட்டில் எழுத்தாளருக்கு அந்த 507 மணி நேரக் காப்பும் கிடையாது. வேலையில்லாக் கொடுப்பனவு எங்களுக்குப் பொருந்தாது. எனக்கு இல்லையே என்பதற்காக, கிடைக்கக்கூடிய ஒருவருக்கும் கிடைக்காமல் செய்வது என்ன நியாயம்?

இவ்வளவும் எழுதுகிற நான் யோக்கியன் என்று நினைத்துவிடவேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி அந்தத் தாளைக் காட்டிய பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் செய்யாமல்தான் இருந்தேன். அவருக்கு மட்டும் கஷே கொடுத்தோம், ஏனென்றால் அவர் பிரெஞ்சுக்காரி, கேட்கத் தெரிந்தவர். அதே விழாவில், அதே மேடையில், அவருக்கு அடுத்ததாக ஏறிய அண்ணாவியாருக்குப் பொன்னாடை. அந்தச் சிவப்பு அன்றையதுதான்.

இந்த ஜூன் மாதம் சங்கத்தின் கோடைவிழாவில் சண்டை பிடித்து ஒன்றைச் சாதித்தோம். பதாகை இல்லை. வீடியோ இல்லை, இளைஞர்கள் கைபேசியில் எடுத்தார்கள், போதுமானதாக இருந்தது. 10 யூரோ டிக்கெட். டிக்கெட் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று இரண்டு பேர் குழுவிலிருந்தே விலகினார்கள். வந்தவர்கள் 96 பேர். கூத்தர் ஐந்து பேருக்கும் கூசோவில் பதிந்து, ஆளுக்கு 100 யூரோ கையில் கிடைக்கும்படி கட்டினோம். டிக்கெட் பணம் அதோடு சரி. கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அண்ணாவியாரிடம் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த நாட்டில் அவர் நிரப்பிய எந்தப் படிவத்திலும் அந்த இடத்தில் 'சமையலறை உதவியாளர்' என்றுதான் இருந்ததாம். கடைசியில் மிருதங்கக்காரர்தான் பேனாவை வாங்கி 'கலைஞர்' என்று எழுதினார்.

சென்ற ஞாயிறு நான் போனதே அந்தச் சம்பளத்துண்டு வந்ததா என்று பார்க்கத்தான். வந்திருந்தது. சமையலறையில் முருகன் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். பொம்மலாட்டக்காரியின் தாளைப் பற்றி நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார் போலிருக்கிறது. கலண்டரின் ஓரத்தில் 507 என்று எழுதி, கீழே 12ஐக் கழித்து, 495 என்று கோடு போட்டிருந்தார். அடுத்த ஜூனுக்குள் முடியுமா என்று நான் கேட்கவில்லை. அவர் மத்தளத்திலிருந்து பொன்னாடைகளை அவிழ்த்து மடித்துக்கொண்டே சொன்னார்:

"இன்னும் 42 இருக்கிறது தம்பி. ஒக்டோபரில் உங்களுடைய அடுத்த புத்தகம் வருகிறது என்றீர்களே, எத்தனையாம் தேதி?"