முட்டி மடங்காத ஹீரோவுக்கு முழுக் காசா?

இடது முட்டி மடங்கல. முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டி மாசக்கணக்கா காத்திருந்து வாங்கின ஆக்‌ஷன் ஃபிகர்ல, அதாவது கை கால் அசையற ஹீரோ பொம்மைல, முட்டி மடங்கல, வலது கண்ணு நேரா பாக்குது, இடது கண்ணு புருவத்த பாக்குது. பாக்ஸ பிரிச்ச நிமிஷமே வயிறு எரிஞ்சுது.

ஜாயிண்ட் இறுகியிருக்கும்னு வெந்நீர் வெச்சேன். சூடு பட்டா பிளாஸ்டிக் இளகும், உங்களுக்கும் தெரியும். கால மட்டும் முக்கி, தொடச்சு, மெதுவா அசைச்சேன். அசையல. திரும்ப முக்கினேன். அவசரப்பட்டா உள்ள இருக்கிற பின் முறுகி ஒடிஞ்சிடும், அதனால மூச்ச பிடிச்சுக்கிட்டு ஒரு நூல் இந்தப் பக்கம் ஒரு நூல் அந்தப் பக்கம்னு அசைச்சுக்கிட்டே இருக்கேன், டக்குன்னு ஒரு சத்தம், உயிரே போச்சு. பாத்தா ஒடியல, பெயிண்ட் விட்டிருக்கு. ஃபேக்டரில பெயிண்ட் காயறதுக்குள்ள ஜாயிண்ட மாட்டி அனுப்பியிருக்கானுங்க. இப்ப முட்டி மடங்குது, ஆனா மடக்குறப்பல்லாம் நீலம் உரிஞ்சு உள்ள சாம்பல் கலர் தெரியுது.

கடைக்காரருக்கு ஃபோட்டோ அனுப்பினா, "தம்பி, ஷெல்ஃப்ல நிக்க வெச்சா தெரியாதுப்பா"ங்கறாரு. நிக்க மட்டும் வெக்கணும்னா நான் சிலையே வாங்கியிருப்பேனே! முட்டில டபுள் ஜாயிண்ட் இருந்தாதான் குதிகால் தொடைய தொடுற அளவுக்கு மடங்கும், ஒத்த ஜாயிண்ட்னா பாதியிலயே நின்னுடும். தோள முன்னாடி தள்ள விடுற பட்டர்ஃபிளை ஜாயிண்ட் இருந்தாதான் ரெண்டு கையும் நெஞ்சுக்கு முன்னாடி வரும். காசு கொடுக்கிறதே அதுக்குத்தான். 1964-லயே ஹாஸ்ப்ரோ கம்பெனிக்காரன் 12 இன்ச் ஜி.ஐ.ஜோ சிப்பாய் பொம்மைய 21 இடத்துல அசையும்னு சொல்லி வித்தான். இத்தன வருஷம் கழிச்சு ஒரு முட்டிக்கு நான் அடுப்பு பத்த வெக்கணுமா?

கண்ணு சமாச்சாரம் இன்னும் மோசம். சிலிகான் பேட்ல மைய எடுத்து மூஞ்சில ஒத்தற வேலைதான். தலைய தாங்கில சரியா உக்கார வெக்கலன்னா ஒத்தற கண்ணு தள்ளிப் போயிடும். ஆறு இன்ச் ஃபிகர்ல அர மில்லிமீட்டர் தள்ளினாலே பார்வை மாறிடும், ஹீரோ திருதிருன்னு முழிப்பான். செக் பண்ண ஒரு ஆள் கூடவா இல்ல? நம்ம சேலம் செவ்வாப்பேட்ட பக்கம் கொலுசு செய்றவங்க ஒரு கண்ணி விறைச்சு நின்னாலே அத வெளிய விட மாட்டாங்க, அந்த அக்கறைல பாதி போதும்யா.

பாக்ஸ பிரிச்சா ரிட்டர்ன் கிடையாதாம். பிரிக்காம முட்டி மடங்குதான்னு எப்படிய்யா பாக்குறது? இது பொம்மைதானன்னு வீட்ல கேக்குறாங்க. பொம்மைதான், அதுக்குன்னு ஒழுங்கா செய்யக் கூடாதா?

இதுல டெலிவரி அன்னிக்கு கொரியர்காரர் வேற. அஸ்தம்பட்டில நின்னுக்கிட்டு ஃபோன் பண்றாரு, "சார் உங்க தெருவுக்குள்ள வண்டி வராது, நீங்களே வந்து வாங்கிக்கோங்க"ன்னு. அந்தத் தெருவுக்குள்ளதான்யா தண்ணி லாரியே வந்துட்டுப் போகுது!